மேலே போகிற மூட்டைகள்

“அப்போ ப்ளேன்லேர்ந்து மூட்டை எறக்குற வேலைதான், இல்லியா?”

நாற்காலியை இழுத்துப் போட்டுத் தமிழரசனுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டு பெரியவர் கேட்டார். பெண் வீட்டார் சங்கராபுரத்திலிருந்து காரில் நைனார்பாளையம் வந்து இறங்கி, கொடுத்த காபிகூட இன்னும் ஆறவில்லை.

தமிழரசன் விமானப்படையில் சரக்கு இறக்கும் பிரிவில் இருப்பவன். விமானப்படை என்றதும் பைலட் என்று நினைத்துக்கொண்டு வருவதும், மூட்டை என்றதும் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்புவதுமாக இதுவரை இரண்டு இடம் தட்டிப்போய்விட்டது. அவை போனால் போகட்டும். அபிநயாவின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த இடமும் போனால் அவன் தாங்க மாட்டான்.

ஆபீஸ் வேலை என்று சொல்லுடா என்று கதவோரம் நின்ற அம்மா கண்ணகி கண்ணாலேயே கெஞ்சினாள். பெண்ணின் அப்பா கொளஞ்சியப்பனோ முறுக்கைக் கடித்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பெற்றவரே சும்மா இருக்கும்போது முன்னால் உட்கார்ந்து குடைகிறவர் பெண்ணின் தாய்மாமனாகத்தான் இருக்க வேண்டும். தாய்மாமன் வேண்டாம் என்றுவிட்டால் அப்புறம் யார் பேச முடியும்?

ஆனால் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

“ஆமாங்க. லடாக் பக்கம், மலைக்கு நடுவுல சரளைக்கல் ரன்வே. ப்ளேன் எறங்குனா எஞ்சினை நிறுத்த மாட்டாங்க. அந்தக் குளுருல நிறுத்துனா மறுபடி கெளம்புமான்னு சொல்ல முடியாது. காத்தாடி சுத்திக்கினு இருக்கும்போதே பதினஞ்சு நிமிஷத்துல எல்லாத்தையும் எறக்கிடணும்.”

“இன்னா இன்னா எறக்குவீங்க?”

“அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், மருந்து. மேல பனியில காவல் நிக்கிறவங்களுக்குங்க.”

“மூட்டை கிழிஞ்சி கொட்டிப்போச்சின்னா?”

“அள்ளித் தெச்சி அனுப்பிடுவோம். ஒரு கைப்பிடி வீணாவ வுட மாட்டோங்க.”

“எறக்குனது மேல போய்ச் சேர எத்தினி நாளு?”

“ஹெலிகாப்டர் வந்தா அன்னிக்கே. இல்லாட்டி கோவேறு கழுதை மேல ஏத்தி ரெண்டு நாளு.”

“பனி ஜாஸ்தியாப் போயி ப்ளேனே வரலைன்னா?”

விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷன். சம்பந்தம் பேச வந்த மாதிரியா இருக்கிறது, போலீஸ் விசாரணை தோற்றுவிடும். தமிழரசனுக்கு அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் வராத வியர்வையெல்லாம் இங்கே வந்தது.

“போன வருசம் ஒம்போது நாள் வரலீங்க. ஆனா அதுக்கு முன்னாடியே மூணு மாசத்துக்கு வேண்டியதை மேல ஏத்தி வெச்சிருந்தோம். யாரும் ஒரு வேளை பட்டினி கெடக்கல.”

பெரியவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். விருட்டென்று எழுந்து வெளியே போய்விட்டார்.

கண்ணகி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இதுவும் போச்சு. தமிழரசனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, அவர் பின்னாலேயே ஓடினான். காரில் சாய்ந்துகொண்டு அவர் வேறு பக்கம் பார்த்து நின்றிருந்தார்.

“ஐயா, கோச்சிக்காதீங்க. நான் மூட்டை எறக்குறவன்தான். ஆனா உங்க வூட்டுப் பொண்ணைக் கண்ணு கலங்காம வெச்சிக்குவேன். தாய்மாமன் நீங்க மனசு வெச்சாதான் நடக்கும்.”

“தாய்மாமனா? யாருப்பா சொன்னது?” திரும்பியவருக்குக் கண்ணெல்லாம் நீர், ஆனால் சிரித்தார். “நான் பக்கத்து வூட்டு நாராயணசாமி. உனக்குத்தான் பொண்ணுன்னு கொளஞ்சியப்பன் அங்கியே முடிவு பண்ணிக்கினுதான் கெளம்புனாரு. நாந்தான், என் காரை எடுத்துக்கினு வரேன், என்னையும் சேத்துக்கோங்கன்னு ஒட்டிக்கினு வந்தேன்.”

அவனுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

“எம் பையன் அந்தப் பனி மேலதான் தம்பி நிக்கிறான். போன்ல சாப்புட்டியாடான்னா, வேளாவேளைக்குச் சாப்புட்றேம்பாங்கிறான். அது நெசமான்னு கேக்க எனக்கு உன்னை வுட்டா வேற ஆளு ஏது?”