மியூசியத்து முட்டி வலி

"எனக்கு முட்டி வலிக்குது. நீங்க ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வாங்க. நான் இங்கயே குந்திக்கறேன்," என்றாள் சின்னம்மாள்.

பாரிஸில் அது மூன்றாவது மியூசியம். மூன்றாவது பெஞ்சு.

மருமகள் ரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடலூர் முதுநகரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, டிக்கெட்டும் எடுத்த பிறகு மாமியார் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் யாருக்குத்தான் வராது? முட்டி வலியென்றால் ஊரிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கணவன் ராஜவேலிடம் முணுமுணுத்தாள். அவனுக்கு அந்த நேரம் பார்த்துக் காது கேட்கவில்லை.

இந்தப் பயணம் ரேகாவின் கனவு. கல்யாணமான மூன்றாம் மாதமே மாமனார் படுத்த படுக்கையானார். ஒன்றரை வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து, போன வருடம் அவர் போய்ச் சேர்ந்தார். தேன்நிலவு என்று ஒன்று உண்டு என்பதே இருவருக்கும் மறந்துபோயிருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து போய் பாரிஸில் குடியேறிவிட்ட ரேகாவின் தாய்மாமா, 2009 மே மாதம் ஒரு வாரம் வந்து தங்கிவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மாவைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது என்றான் ராஜவேல். எனக்கெதற்கு வெளிநாடு, நீங்கள் போங்கள் என்று சின்னம்மாளும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள்.

"நீ வர்லன்னா நாங்களும் போவல," என்று முடித்துவிட்டான்.

ஆக, தேன்நிலவுக்கு மூன்று டிக்கெட்.

அப்பா போனதிலிருந்து அவன் அப்படித்தான். கடலூர் பஸ் ஸ்டாண்டில் ரோடு கடப்பதென்றாலும் அம்மா கையைப் பிடித்துக்கொள்வான். ரேகா பையைத் தூக்கிக்கொண்டு மூன்றடி பின்னால் வருவாள். நல்ல பிள்ளைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூன்றடி எவ்வளவு தூரம் என்பது பின்னால் வருகிறவளுக்குத்தான் தெரியும்.

முதல் நாள், மோனலிசா படம் இருக்கிற மியூசியம். சின்னம்மாள் அண்ணாந்து பார்த்துவிட்டு, இதுதான் இவுங்க ஊரு செத்த காலேஜா என்று சத்தமாகக் கேட்டாள். சின்ன வயதில் அவளை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனவர்கள், மிருகக்காட்சி சாலைக்கு உயிர் காலேஜ், மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்றுதான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாருக்காவது தமிழ் புரிந்து தொலைத்ததோ என்று ரேகா சுற்றுமுற்றும் பார்த்தாள். உள்ளே இருபதடி நடப்பதற்குள் முட்டி வலி வந்துவிட்டது.

இரண்டாவது, பழைய ரயில்வே ஸ்டேஷனை மியூசியமாக்கியது. முதுநகர் ஜங்ஷனில்கூட இத்தனை பெஞ்சு இல்லையே என்று சொல்லிக்கொண்டே சின்னம்மாள் ஒன்றில் உட்கார்ந்தாள். இவர்கள் திரும்பி வந்தபோது ஒரு வெள்ளைக்காரம்மாவோடு பண்ருட்டி முந்திரியைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். அந்தம்மா பிரெஞ்சில் பேச, இவள் தமிழில் பேச, இரண்டு பேருக்கும் ஒரு சிரமமும் இருந்ததாகத் தெரியவில்லை. மியூசியக் காவலாளியின் வாயும் மென்றுகொண்டிருந்தது.

இன்றைக்கு இது சிலைகள் மியூசியம். தோட்டத்தில் ஒரு ஆள் மோவாயில் கை வைத்து யோசித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அவருக்கும் முட்டி வலி போலக்குது. நான் துணைக்கு இருக்கேன், போங்க," என்று எதிர் பெஞ்சில் முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தாள் சின்னம்மாள்.

உள்ளே போனார்கள். அம்மா கை இல்லாமல் ராஜவேலுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பாக்கெட்டில் போட்டான், எடுத்தான், பின்னால் கட்டினான். கடைசியில் முந்தின இரண்டு மியூசியங்களிலும் போய்ச் சேர்ந்த இடத்திலேயே அது போய்ச் சேர்ந்தது, ரேகாவின் கையில். பளிங்கில் ஒரு ஆணும் பெண்ணும் கட்டிக்கொண்டிருந்த சிலைக்கு முன்னால் இரண்டு பேருக்கும் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் கையை விடவில்லை. ரேகா அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

வெளியே வந்து பெஞ்சைப் பார்த்ததும் பழைய கோபம் திரும்பிவிட்டது. ராத்திரி தன் அம்மாவுக்குப் போன் போட்டு, கிழவி எல்லா டிக்கெட்டையும் தண்டமாக்கிவிட்டாள் என்று அரை மணி நேரம் புலம்பினாள்.

அடுத்த மாதம் சிதம்பரத்தில் ஆனித் தேர். தெற்கு வீதியில் இருக்கும் சின்னம்மாளின் தங்கை ராசம்மாள் வீட்டுக்கு மூன்று பேரும் போயிருந்தார்கள். காலையில் மாமியாரைக் காணோம். ரேகா தேடிக்கொண்டு மேல வீதி வரைக்கும் போனாள்.

அம்மன் தேர் வந்துகொண்டிருந்தது. வடம் பிடித்த பெண்கள் கூட்டத்தில் முதல் வரிசையில், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, சுடுகிற தாரில் வெறுங்காலோடு சின்னம்மாள். கீழ வீதியில் தொட்ட வடத்தை அக்கா இன்னும் விடவே இல்லை என்று பக்கத்தில் நடந்த ராசம்மாள் பெருமையாகச் சொன்னாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவது என்று ரேகா கூட்டத்துக்குள் புகுந்தாள்.

"அத்த, முட்டி வலி எங்க போச்சி?"

சின்னம்மாள் திடுக்கிட்டுத் திரும்பினாள். ராஜவேல் எங்காவது நிற்கிறானா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டாள். அவன் இல்லையென்று தெரிந்ததும், கையும் களவுமாக மாட்டிக்கொண்ட சிரிப்பு ஒன்று சிரித்தாள்.

"அவங்கிட்ட சொல்லிடாத. நான் வர்லன்னா அவன் ஊர வுட்டே கெளம்பியிருக்க மாட்டான். வந்து கூட நடந்திருந்தா, என் கையத்தானம்மா புடிச்சிருப்பான்?"