படி தாண்டும் நாள்

நறுமுகை தவழ்ந்ததே இல்லை. கை கால் அசையாமல் படுத்தபடியே, கண்ணசைவால் ஒரு பறக்கும் கேமராவை ஓட்டித்தான் உலகத்தைச் சுற்றிப் பார்த்தாள். ஏழாவது வயதில், அதே கண்ணசைவுக்கு நடக்கும் இரும்புக் கால்களை அவளுக்குப் பூட்டினார்கள்.

குழந்தை முதன்முதலாகப் படி தாண்டினால் கொழுக்கட்டை வைப்பார்களே, அதைத் தாமதமாகவாவது செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவள் அம்மா மேகலாவுக்கு ஆசை. வாசற்படியில் கொழுக்கட்டைகளை வைத்துவிட்டு, வெளியே நின்று கையை நீட்டினாள்.

"வாடி என் ராசாத்தி, வெளிய வா!"

நறுமுகை சிரித்தாள். சிரித்துக்கொண்டே திரும்பி, கேமரா தினமும் பறந்துபோகும் பக்கமாக நடந்தாள். மேகலா உள்ளே பாய்ந்து ஓடி இடுப்பை வளைத்துப் பிடித்தபோது, ஒன்பதாம் மாடிப் பால்கனிச் சுவர்மேல் மகளின் ஒரு கால் ஏறியிருந்தது.

"விழுந்துடுவடி!"

"நீதானம்மா வெளிய வரச் சொன்ன? நான் எப்பவும் இப்படித்தான போவேன்." நறுமுகை வானத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "விழுறதுன்னா என்னம்மா?"

மேகலா பிடியை இன்னும் இறுக்கினாள். அந்தப் பிடிக்குள், மகளின் கண் போன திசையில், இரும்புக் கால்கள் நிற்காமல் நடந்துகொண்டிருந்தன.