தோற்கத் தெரிந்தவன்

“சீட்டாடப் போறதுதான் போறீங்க, ஜெயிக்கிற வக்காச்சும் இருக்கா ஒங்களுக்கு?”

அம்சவல்லி வாசலை மறித்துக்கொண்டு கேட்டாள். அவள் புருஷன் சின்னையா வாயைத் திறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்த சாக்குக்குள் அவளுடைய முட்டைக் கோழிகள் இரண்டும் இருந்தன. அவை வாயைத் திறந்துவிடக்கூடாதே என்பதுதான் அவன் கவலை.

அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. அது எண்பத்தோராம் வருஷத்து மழைக்காலம். மேல் லயத்து வரிசைவீட்டு ஆண்டியப்பன், கூரை ஒழுகலை அடைக்க ஏறி, வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டிருந்தான். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் ஏது? அவன் வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வமாகிவிட்டது. அப்படிப்பட்டவனையும் இழுத்துக்கொண்டு, கோலா தெர்லாவில் முட்டைக்கோஸ் பயிரிடும் அமிர்தலிங்கத்தின் கொட்டகையில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் போக்கர் போட்டியாம். இந்தப் பாவம் சும்மா விடாது என்று சபித்துவிட்டுத்தான் அவள் வழி விட்டாள்.

உண்மையை அவளிடம் சொல்ல முடியாது. அவளும் ஆண்டியப்பன் பெண்சாதி மணியம்மாவும் ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். கொழுந்து நிறுவைக்குப் போகும் முன்பே விஷயம் ஆண்டியப்பன் காதுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

விஷயம் இதுதான். ஆண்டியப்பன் பொல்லாத ரோஷக்காரன். லோரி ஓட்டும் நாகப்பன் ஒரு தடவை அரிசி கொடுத்தனுப்பினான். அது அப்படியே திரும்பி வந்தது, மேலே ஒரு கட்டுக் கீரையோடு. கொடுத்தால் வாங்க மாட்டான், சரி. ஜெயித்தால் எடுத்துக்கொண்டுதானே ஆகவேண்டும்? ஆளுக்குக் கொஞ்சம் சாமான் பந்தயம் வைத்து, அத்தனையையும் அவனிடம் தோற்றுவிடுவது என்று சின்னையா, நாகப்பன், அமிர்தலிங்கம் ஆகிய கூட்டாளிகள் மூன்று பேரும் பேசி முடித்தார்கள்.

“தோக்குறதுல ஒன்னைய அடிச்சுக்க பகாங் மாநிலத்துலயே ஆளில்ல லா,” என்று நாகப்பன் சின்னையாவைத்தான் மலைபோல நம்பினான்.

ஆண்டியப்பன் லேசில் வரவில்லை. சின்னையா ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்.

“என் வீட்லயும் அரிசிப் பானை காலிதான். அம்சவல்லி வெளிய காட்டிக்க மாட்டா. மிச்சம் இந்தக் கோழிங்கதான். வா, நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தருக்காச்சும் அடிக்கும்.”

ஆண்டியப்பன் அவன் முகத்தையும் கோழிச் சாக்கையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு உள்ளே போய், வீட்டிலிருந்த ஒரே சொத்தான ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து லோரியில் ஏறினான்.

நாகப்பன் ஒரு மூட்டை அரிசி வைத்தான். அமிர்தலிங்கம் பால்டின்னும் நெத்திலியும் வைத்தான். காசுக்குப் பதில் ஆளுக்கு ஒரு மங்கு தேயிலைக் கொட்டை. எல்லாக் கொட்டையும் யாரிடம் சேருகிறதோ அவனுக்கே மொத்தச் சாமானும்.

போக்கரில் ஒரே மாதிரிச் சீட்டு சேரச் சேர ஜெயம். சின்னையாவுக்கு ஜென்மத்தில் சேராத சீட்டெல்லாம் அன்றைக்கென்று சேர்ந்தது. கையிலிருந்த ஜோடிப் பத்தோடு இன்னொரு சீட்டையும் சேர்த்துக் கீழே போட்டான். மாற்றாக வந்தவை மூன்றும் ராணிகள். சீட்டைப் பார்க்காமலே கொட்டையைத் தள்ளினான். அதிலும் ஜெயித்தான். நாகப்பன் பலகைக்கு அடியில் அவன் காலை மிதித்து மிதித்தே ஓய்ந்துபோனான்.

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் நாகப்பனும் அமிர்தலிங்கமும் கொட்டை தீர்ந்து எழுந்துவிட்டார்கள். ஆண்டியப்பனிடம் தோற்க வந்தவர்கள் சின்னையாவிடம் தோற்றிருந்தார்கள்.

கடைசி ஆட்டம். சின்னையா இருந்த கொட்டை எல்லாவற்றையும் நடுவில் தள்ளினான். மாவுக்கட்டுப் போட்ட கையின் விரலிடுக்கில் சீட்டைச் செருகியிருந்த ஆண்டியப்பனும் தள்ளினான். சின்னையா முருகனை வேண்டிக்கொண்டு சீட்டை விரித்தான். முருகன் கைவிடவில்லை. ஒன்றோடொன்று ஒட்டாத சுத்தக் குப்பை. அப்பாடா என்று மூச்சுவிட்டான்.

ஆண்டியப்பன் தன் சீட்டை ஒரு பார்வை பார்த்தான். அப்படியே கவிழ்த்து, குவியலோடு கலந்துவிட்டான்.

“என்னுது அதவிடக் குப்பை. நீதான் ஜெயிச்ச.”

பாதியாவது எடுத்துக்கொள், ரேடியோவையாவது எடுத்துக்கொள் என்று சின்னையா கெஞ்சிப் பார்த்தான். ஆட்டம்னா ஆட்டம்தான் என்று சொல்லிவிட்டான் ஆண்டியப்பன். அதோடு விடவில்லை. லோரியிலிருந்து இறங்கியதும் அரிசி மூட்டையை நல்ல தோளில் ஏற்றிக்கொண்டு சின்னையா வீட்டுக்கு முன்னால் நடந்தான். கோழியும் ரேடியோவுமாகப் பின்னால் வந்த சின்னையாவுக்கு, வாசலில் அவன் அம்சவல்லியிடம் தணிந்த குரலில் பேசுவது கேட்டது.

“உள்ள வையி தங்கச்சி. ஒன் புருஷன் ரோஷக்காரன், பட்டினி கெடந்தாலும் வாயத் தொறக்க மாட்டான். கையில குடுத்தா வாங்குவானா? அதான் நாலு ராஜாவக் கவுத்துப் போட்டுட்டு வந்தேன். அவன்கிட்ட சொல்லிராத.”

வெறுங்கையை வீசிக்கொண்டு, திருப்தியான முகத்தோடு ஆண்டியப்பன் படியிறங்கிப் போனான்.

சின்னையா மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டான். வெட்கம் பிடுங்கித் தின்றது, அழுகையும் வந்தது. கோழி திருடியது முதல் எல்லாவற்றையும் பெண்டாட்டியிடம் கொட்டித் தீர்த்தான்.

அம்சவல்லி அவன் சட்டைப்பையிலிருந்த சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். ராஜா எது ராணி எது என்று தெரியாதவள், மேல் லயத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த ஆண்டியப்பனைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, நில்லுங்க. வந்து என்கூட ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க.”

பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள்.

“நீங்க தள்ளி உக்காருங்க. ஜெயிக்கத்தான் வக்கில்லன்னு நெனச்சேன். தோக்கக்கூட வக்கில்ல ஒங்களுக்கு.”