பதினேழாம் நம்பர் ரத்தம்

"கண்ணை மூடிக்கிட்டா வேலை பார்த்தீங்க?"

பேராசிரியர் போட்ட சத்தத்தில் ஆய்வுக்கூடமே கப்சிப். மாணவர்கள் ஆளுக்கொரு மைக்ராஸ்கோப்புக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள்.

வயிற்றில் இருக்கும் கிருமி எவ்வளவு பொல்லாததோ, ரத்தத்தில் 'வளர்ச்சிக் காரணி' என்ற புரதமும் அவ்வளவு ஏறும். இதை நிரூபிக்கத்தான் மூன்று வருடமாக உழைக்கிறார். நாற்பது நோயாளிகளின் ரத்தமும் ஆமாம் சாமி போட்டது.

வம்பு செய்தது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த எதிர் வரிசை. 'எனக்கு வயிற்றில் ஒரு குறையும் இல்லை' என்று எழுதிக் கொடுத்த, துறையில் மேலிருந்து கீழ் வரை இருபது ஊழியர்களின் ரத்தம் அது. எந்த நம்பர் யாருடையது என்பது லேப் டெக்னீஷியன் அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அதில் பதினேழாம் நம்பர், அத்தனை நோயாளிகளையும் தாண்டி உச்சாணியில் உட்கார்ந்திருந்தது.

"நோயாளியோட டியூபைக் கொண்டுவந்து இங்க சொருகிட்டீங்க. அதானே?"

அக்கா அவரை ஒரு நொடி பார்த்தார். "என் கைத்தப்பா இருக்கலாம் சார்."

"இருக்கலாம் என்ன, இருக்கலாம்? பதினஞ்சு வருஷ சர்வீஸ்!"

தன் குரல் தனக்கே கம்பீரமாகக் கேட்டதால், பேராசிரியர் இன்னும் பத்து நிமிடம் பேசினார்.

"மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்துடட்டுமா சார்?"

"எடுங்க. அந்த ஆள் முரண்டு பிடிச்சாலும் விடாதீங்க!"

அறைக்குப் போன கையோடு மெமோ எழுத உட்கார்ந்தார். 'அலட்சியம்' என்ற வார்த்தை போதவில்லை, 'அப்பட்டமான' சேர்த்தார். திருப்தியாக இருந்தது.

கதவு தட்டப்பட்டது. அக்காதான். கையில் ஒரு தட்டு, மேலே துணி மூடி.

மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று, பேராசிரியர் பெருந்தன்மையான முகம் ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டார்.

அக்கா கதவைச் சாத்தினார்.

"டியூப் மாறலை சார். முன்னாடியே மூணு தடவை பார்த்துட்டேன். கிருமி டெஸ்ட்டும் பண்ணேன். இருக்கு, அதுலயும் மோசமான வகை. ரெண்டு வாரம் மாத்திரை போட்டா போயிடும். கவனிக்காம விட்டாத்தான் ஆபத்து."

"அப்போ உங்க மேல தப்பே இல்லையே! நான் அந்தக் கத்து கத்தினேன், அங்கேயே சொல்றதுக்கு என்ன?"

"பசங்க எல்லாரும் இருந்தாங்களே சார். அவங்க எதிர்ல எப்படிச் சொல்றது?" அக்கா துணியை விலக்கி ஊசியை எடுத்தார்.

"சட்டைக் கையைக் கொஞ்சம் மடிச்சு விடுங்க."