ஏசியை அணைத்த மாப்பிள்ளை

"என்ன தம்பி, ஏசியை அணைச்சுட்டீங்க?"

"வீடு வந்திடுச்சு அண்ணி. இன்னும் ரெண்டு தெருதான்."

"அந்த ரெண்டு தெருவுக்கும் வேகப்போறது நான்தானே!"

காரை ஓட்டிக்கொண்டே தங்கையின் கணவர் காற்றை மட்டும் முழு வேகத்தில் வைத்தார். வெதுவெதுவென்று முகத்தில் அடித்தது.

அக்காக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்துத் தங்கை உண்டாகியிருக்கிறாள். வாந்தியில் துவண்டு கிடக்கிறாள் என்று கேட்டதும் இவள் ரயிலேறி ஓடி வந்திருக்கிறாள். ரெண்டு தெரு ஏசிக்கே கணக்குப் பார்க்கிற மனுஷன் பிள்ளைத்தாய்ச்சிக்கு என்னத்தை வாங்கிப் போடுவார்?

"ஒரு வாசனை டப்பாகூட மாட்டலையே தம்பி. அதுவும் மிச்சமா?"

"அந்த வாசனையும் அவளுக்கு ஆகலை அண்ணி. குமட்டுதுங்கறா."

"சரி, ஏசி என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஓடினா உள்ளே ஈரம் சேருது. அப்படியே நிறுத்திட்டா, அடுத்த தடவை போடறப்ப குப்புன்னு வாடை அடிக்கும். இப்படி வெறும் காத்து விட்டா காஞ்சுடும். இப்ப அவளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்."

அக்காக்காரி கொஞ்சம் இறங்கி வந்தாள். ஆனாலும் விடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. வாடை வந்தா கழுவிக்க வேண்டியதுதானே? வர்றதுக்கு முன்னாடியே இந்தப் பாடா?"

அவர் சும்மா சிரித்து வைத்தார்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. அவள் கதவைத் திறக்கப் போனாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம். ஏதாவது வாடை வருதான்னு கொஞ்சம் மோந்து பாத்துச் சொல்றீங்களா? தினமும் ஆபீஸ்ல ஒருத்தர் பாத்துச் சொல்வார். இன்னைக்கு அவர் லீவு."

"ஏன், உங்களுக்கு மூக்கு இல்லையா?"

அவர் ஸ்டியரிங்கைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருக்கு அண்ணி. போன வருஷக் காய்ச்சலோட மோப்பம் போயிடுச்சு. திரும்பி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். போன வாரம் அவ வண்டியில ஏறினதுமே வாந்தி எடுத்துட்டா. ஈரச்சாக்கு நாத்தமாம். பக்கத்துல உக்காந்திருக்கேன், எனக்கு ஒண்ணுமே தெரியலை."

அக்காக்காரியின் கை கதவிலேயே நின்றது.

"அவளுக்குத் தெரியுமா?"

"சொல்லலை."

"கட்டினவகிட்ட மறைக்கலாமா தம்பி?"

"குழந்தை பொறந்ததும் உச்சந்தலையை மோந்து பாக்கணுமாம். அந்த வாசனைக்கு ஈடே கிடையாதாம். 'முதல்ல நீங்கதான் பாக்கணும், அப்புறம்தான் நான்'னு தினமும் சொல்றா. அவகிட்ட எப்படி அண்ணி சொல்றது?"

வீட்டுக் கதவு திறந்தது. தங்கை வெளுத்த முகத்தோடு, கையசைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள்.

அக்காக்காரி அவசரமாக முன்னால் குனிந்து, காற்று வருகிற இடத்தில் மூக்கை வைத்து இழுத்தாள். இன்னொரு தடவையும் இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"ஒரு வாடையும் இல்லை தம்பி. நான் இருக்கிற வரைக்கும் ஆபீஸ்ல யாரையும் கேக்காதீங்க."