பஸ்ஸில் தொலைந்த ஷூ

“‘பக்கத்துலதான் வெச்சிருந்தேன், எறங்கறப்போ காணோம்’ – இன்னா பதில் இது? பக்கத்துல இருந்த புள்ளைய மட்டும் எப்படி மறக்காம எறக்குன?”

செஞ்சிக் கடைத்தெருவின் அந்தச் செருப்புக் கடைக்குள் வெரோனிகாவுக்கு முன்னால் அவள் குரல்தான் நுழைந்தது. பின்னால் தம்பி பெண்டாட்டி டெய்சி. அவள் இடுப்பில் ஒன்றரை வயது பிரவின், இறங்கவும் மாட்டேன், இருக்கவும் மாட்டேன் என்று நெளிந்துகொண்டிருந்தான்.

“குழந்தைக்கு ஷூ வேணும்ணே,” என்றாள் டெய்சி.

“நீலக் கலர். பக்கத்துல வெள்ளைக் கோடு,” என்றாள் வெரோனிகா. “எந் தம்பி சேசுராஜ் குவைத்துலேர்ந்து அனுப்புனது அதான். லீவுல வந்த ஆளு இந்த பஸ் ஸ்டாண்டுலதான் இவ கையில குடுத்துட்டுப் போனாரு. மகராணி நம்ம ஊரு அனந்தபுரம் வர்றதுக்குள்ள பஸ்ஸுல தொலைச்சிட்டு வந்து நிக்கறா. நான் போட்டோவுல பாத்ததோட சரி.”

கடைக்காரர் கன்னியப்பன் டெய்சியை ஒரு பார்வை பார்த்தார். இப்படியும் ஒரு பொம்பளையா என்கிற பார்வை. அந்தப் பார்வைக்கு மட்டும் எந்தக் கடையிலும் தட்டுப்பாடு வந்ததில்லை.

கரண்ட் இல்லை. ஃபேன் நின்றுபோயிருந்தது. முதல் ஷூவில் பிரவினின் விரல்கள் நுழைந்தன, கால் நுழையவில்லை. கடையே அதிர அலறினான்.

“காலு அகலம்மா. பன்னு மாதிரி புஸ்ஸுன்னு இருக்குது.”

“எங்க வீட்டுக் காலு அப்படித்தான்,” என்றாள் வெரோனிகா பெருமையாக. “அதான் நான் நம்பரையெல்லாம் நம்பல. தொடப்பத்துலேர்ந்து ஒரு ஈர்க்க உருவி, புள்ள தூங்கறப்போ காலுல வெச்சி அளவா ஒடிச்சி, குவைத் போறவருகிட்ட குடுத்தனுப்புனேன். நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஈர்க்கு மாறுமா?”

“ஈர்க்குல அளந்தா...” என்று கன்னியப்பன் ஆரம்பித்தார்.

“அண்ணே, வேற காட்டுங்க,” என்று டெய்சி குறுக்கே புகுந்தாள். “பஸ்ஸுக்கு நேரமாவுது.”

“பஸ்ஸப் பத்தி நீ பேசாத!”

அடுத்த டப்பா. அதுவும் ஏறவில்லை. அதற்கடுத்தது ஏறியது, ஆனால் குதிகாலில் இன்னொரு குழந்தையே நுழையலாம் போல அவ்வளவு இடம். தரை முழுக்கப் பேப்பரும் மூடியும்.

“ஞாயித்துக்கெழம மாதா தேரு,” வெரோனிகா இப்போது கடைக்காரரிடம் நியாயம் கேட்டாள். “அத்தை அளந்து அனுப்புன ஷூவப் போட்டுக்கினு புள்ள தேருக்குப் பின்னால நடப்பான்னு தெரு பூரா சொல்லிட்டேன். இப்ப மூஞ்ச எங்க கொண்டு போயி வெச்சிக்கறது?”

“இந்தக் காலத்துப் பொண்ணுங்க செல்லு ஒண்ணத்தான் தொலைக்காதுங்க,” என்றாள் ஓரமாகச் செருப்புப் பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி. கேட்காமலே கிடைத்த ஆதரவு. வெரோனிகாவுக்கு இன்னும் தெம்பு வந்தது.

“காதுல விழுந்திச்சா? ஊரே சொல்லுது.”

டெய்சி குனிந்து மகனின் காலைத் துடைத்தாள்.

கடைசியில் மேல் தட்டிலிருந்து ஒரு டப்பா வந்தது. நீலம்தான். வெள்ளைக் கோடும் இருந்தது. முன்பக்கம் அகலம், ஒட்டுப்பட்டியைப் பிரித்தால் வாயைப் பிளந்தது. வெரோனிகா தரையில் உட்கார்ந்து, பெஞ்சில் இருந்த பிரவினின் காலைத் தன் மடியில் வைத்து மாட்டினாள். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

“எனக்குன்னு ஒண்ணு இல்லாட்டியும் இவன் காலு எனக்குத் தெரியும்டி,” என்றாள் மெதுவாக. அடுத்த நொடியே பழைய குரல் திரும்பிவிட்டது. “இருந்தாலும் அது குவைத் ஷூ. அந்தப் பொருத்தம் இதுக்கு வருமா? தம்பி கூப்புடட்டும், உன் பொறுப்ப நானே சொல்றேன்.”

பெஞ்சின் மேல் இருந்த டெய்சியின் போன் அடித்தது. வீடியோ கால். திரையில் சேசுராஜ் படம்.

“நைனா!” பிரவின் போனை எடுத்து ஒரே தேய்ப்பாகத் தேய்த்தான். டெய்சி பிடுங்கப் போவதற்குள் அதை வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் குப்புறப் படுத்துவிட்டான். கால் மட்டும் அத்தை மடியில்.

“டேய், எங்கடா வெச்சிருக்க? இருட்டா இருக்குது. டெய்சி, இருக்கியா?”

“ஏங்க, அப்புறமா பேசறேன், வெச்சிடுங்க...”

“ஒண்ணும் கேக்கல. நீ கேளு. நான் அனுப்புன ஷூ, நீ வழியில எறங்கி வெச்சிட்டு வந்தது, உங்க அம்மா வீட்டுலயே இருக்கட்டும், எடுத்தாந்துடாத. நீளம் சரியா இருந்தும் காலு உள்ள போவலன்னு அக்காவுக்குத் தெரிஞ்சா ஒடைஞ்சி போயிடும். ‘பெத்தவளா இருந்தா அகலத்தையும் பாத்திருப்பா’ன்னு எவளாச்சும் ஒரு வார்த்தை சொன்னா போதும், அது தாங்காது. நீ சொன்னதுதான் சரி. நீ தொலைச்சதாவே இருக்கட்டும்.”

கன்னியப்பன் டப்பாவை மூடப்போனவர் அப்படியே நின்றார். ஓரத்தில் இருந்தவள் செருப்பைக் கீழே வைத்தாள். வெரோனிகா குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை. மடியில் இருந்த காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

“அக்கா திட்டுனா கொஞ்சம் பொறுத்துக்க டெய்சி. அதுகிட்ட மட்டும் சொல்லிடாத. சொல்ல மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லேன்... டெய்சி?”