இரண்டாவது புட்டி

"நாக்கை நீட்டுங்க. வாயாலதான் மூச்சு விடணும். மூக்குக்கு இன்னைக்கு லீவு."

மாஸ்க் சோதிக்கிற ‘கசப்பு மேடம்’ சொன்னதும் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்த நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை.

நர்ஸின் தலையில் வெள்ளை உறை ஒன்று கவிழ்த்திருந்தது. முன்பக்கம் மட்டும் கண்ணாடி மாதிரி தெரியும். அதிலிருந்த சின்ன ஓட்டையில் ஸ்ப்ரேயை வைத்து மேடம் ரப்பர் குமிழை அமுக்கினார். உள்ளே பனி மாதிரி பரவியது.

"ஐயய்யே! கசப்பு!"

"நல்லது. நாக்கு உயிரோடதான் இருக்கு. இப்ப மாஸ்க்கைப் போடுங்க."

மாஸ்க் போட்ட பிறகும் அதே மருந்து. குனிய வேண்டும், நிமிர வேண்டும், தலையைத் திருப்ப வேண்டும், பேச வேண்டும். கசந்தால் மாஸ்க்கில் எங்கோ சந்து இருக்கிறது. கசக்காவிட்டால் அடையாள அட்டையில் பச்சை ஸ்டிக்கர்.

அடுத்த தொற்று எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வந்தால், பச்சை ஸ்டிக்கர் உள்ளவர்தான் நோயாளி வண்டியில் ஏறலாம். இல்லாதவருக்கு போன் ரூமில் உட்கார்ந்து அழைப்பு எடுக்கிற வேலை.

"எதுக்கு மேடம் முதல்ல மாஸ்க் இல்லாம அடிக்கிறீங்க?" ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவன் கேட்டான். "ஏதாவது பழைய கணக்கா?"

"கசப்பே தெரியாத நாக்குன்னா, மாஸ்க் சல்லடையா இருந்தாலும் தெரியாதேப்பா. நல்லா இருக்கு மேடம்னு சொல்லிட்டு நடந்து உள்ள போயிடுவே. வெளிய வரத்தான் நாலு பேர் வேணும்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது.

கடைசியில் நின்றவர் முதல் வண்டியின் டிரைவர். போன தொற்றில் தானும் காய்ச்சலில் படுத்து எழுந்தவர். எழுந்த கையோடு சாவியைக் கேட்டவர். அவருக்கு வண்டிதான் எல்லாம்.

உறைக்குள் போகிற ஒவ்வொருவரின் முகத்தையும் அவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் அண்ணனுக்கு மட்டும் ரெண்டு பங்கு அடிங்க மேடம்" என்றான் ஸ்ட்ரெச்சர்க்காரன், ஸ்டிக்கரைத் தடவிக்கொண்டே. "கேக்க ஆளில்ல!"

"உன் வேலையைப் பாரு. எல்லாரும் முற்றத்துக்குப் போங்க. ஸ்ட்ரெச்சர் பயிற்சிக்குக் கூப்பிடறாங்க."

அறையில் இரண்டு பேர்தான் மிச்சம்.

மேடம் ஸ்ப்ரேயைக் குழாயில் கழுவினார். உதறினார். அலமாரியிலிருந்து வேறொரு புட்டியை எடுத்து ஊற்றினார். டிரைவர் அதற்குள் முக்காலியில் உட்கார்ந்து, தானே உறையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ரெடி மேடம்."

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார்.

மேடம் குமிழை அமுக்கினார். டிரைவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மறுபடி அமுக்கினார். உள்ளே பனி சுழன்றது. இன்னும் கொஞ்சம்.

டிரைவர் முகத்தைச் சுளித்தார். கண்ணை இறுக்கி, தோளைக் குலுக்கி, முன்னால் போன எல்லோரையும்விட அழகாகச் சுளித்தார்.

"யப்பா! என்ன கசப்பு மேடம் இது! குடலைப் பிரட்டுது!"

மேடம் ஸ்ப்ரேயை மேசைமேல் வைத்தார். உறையை மெல்லத் தூக்கினார்.

"இது கசப்பு மருந்து இல்ல."

"பின்ன?"

"இனிப்பு. கசப்பு ஒத்துக்காதவங்களுக்குன்னு வெச்சிருக்கறது. சர்க்கரைப் பாகு மாதிரி தித்திக்கும்."

முற்றத்தில் யாரோ "தூக்கு, தூக்கு" என்று கத்தினார்கள். டிரைவர் தன் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன வருடத்துப் பச்சை ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு இருந்தது.

"அந்தக் காய்ச்சல்லேர்ந்தா?"

தலையாட்டினார்.

"ருசி கொஞ்சங்கூட திரும்பி வரலியா?"

"சூடு தெரியுது. காரம் சுடுது. மத்ததெல்லாம் பஞ்சைத் தின்ன மாதிரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க வெச்சுக் கேக்கறதுக்கு, வீட்டுலயே கேட்டிருக்கலாம்ல நீ?"

"கேட்டேனே. தினமும்தானே கேக்கறேன், உப்பு சரியா இருக்கான்னு."

"அமிர்தம்னு சொன்னேனே."

"அதான். மூணு நாளா நான் உப்பே போடல."

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அவருடைய சாப்பாட்டு டப்பா மூன்று நாளும் கழுவி வைத்த மாதிரி காலியாகத்தான் திரும்பியிருந்தது.

டிரைவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

"ஒரு ஸ்டிக்கர்தானே. ஒட்டிடேன். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும்ல." மேடம் அட்டையை வாங்கி, பழைய ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினார். அது லேசில் வரவில்லை. "பெரிய ஆபீஸ்ல மெஷின் இருக்கு. தூசியை எண்ணிப் பாத்து மாஸ்க் சரியான்னு சொல்லும். அதுக்கு நாக்கு வேண்டாம். உங்க பேரை நேத்தே எழுதிப் போட்டாச்சு."

"அதுவரைக்கும்?"

"போன் ரூம்."

"உக்காந்து உக்காந்து வேர் விட்டுடுவேன்."

"விடட்டும். தண்ணி ஊத்தறேன்."

சாப்பாட்டு மணி அடித்தது. மேடம் கைப்பையிலிருந்து டப்பாவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். டிரைவர் மூடியைத் திறந்தார். ஆவி வந்த பக்கம் மூக்கைக் கொண்டுபோய்விட்டு, எடுத்துக்கொண்டார். பிறகு டப்பாவை மேடத்தின் பக்கமே நகர்த்தினார்.

"நீ ஒரு வாய் போட்டுப் பாரு. உப்பு சரியா இருக்கா?"

மேடம் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். மென்றார். விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"தூக்கல்" என்றார். "மூணு நாள் உப்பும் இன்னைக்கே விழுந்திருக்கு."